கண்ணில் மரக்கட்டை நீட்டிக்கொண்டிருக்கும் மனிதன்: இந்த டச்சு டைலில் என்ன கதை?

மழைக்கோட்டு:
நெதர்லாந்தின் உத்ரெக்டில் இருக்கிறேன். ஏப்ரல் 27, அரசர் தினத்தன்று தெருவில் விரிப்பு போட்டுப் பழைய சாமான் விற்பார்களே, அங்கே ஒரு பாட்டியிடம் 15 யூரோவுக்கு ஒரு டைல் வாங்கினேன். 13 செ.மீ. சதுரம், ஊதா நிறம். வட்டத்துக்குள் இரண்டு பேர். ஒருவன் கண்ணிலிருந்து நீளமாக ஒரு மரக்கட்டை நீட்டிக்கொண்டிருக்கிறது! ஏதோ சித்திரவதைக் காட்சி என்று மனைவி ஹாலில் வைக்கவே விடவில்லை. பாட்டி "டெல்ஃப்ட்" (பீங்கானுக்குப் பேர்போன டச்சு ஊர்) என்றார். நிஜமா? பின்னால் காரை அப்பியிருக்கிறது, வினிகரில் ஊறவைக்கலாமா?

பழசுபிரியன்:
முதலில் வினிகரைக் கீழே வையுங்கள்! இந்த டைலின் மண்ணிலேயே சுண்ணாம்பு உண்டு. காரையைத் தின்னும் அமிலம் டைலையும் தின்னும். வெறும் தண்ணீரில் சில நாள் போடுங்கள். பழைய சுண்ணாம்புக் காரை என்றால் இளகிவிடும், மரக்குச்சியால் சுரண்டலாம். சிமென்ட் என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். சிமென்டோடு மல்லுக்கட்டி யோனா தீர்க்கதரிசியை மீன் விழுங்கும் வேதாகமக் கதை வரைந்த ஒரு டைலை உடைத்தவன் நான். மீன் ஒரு துண்டில், தீர்க்கதரிசி இன்னொன்றில்.

உங்கள் டைலின் காட்சி வேதாகமத்தில் மத்தேயு 7:3. பிறர் கண்ணில் துரும்பைப் பார்க்கிறவன் தன் கண்ணின் உத்திரத்தை உணரவில்லை என்ற வசனம். உவமையை ஓவியர் அப்படியே வரைந்துவிட்டார், அவ்வளவுதான்.

ஊதா, மாங்கனீசு தருவது. 18ஆம் நூற்றாண்டில் அந்த நிறத்துக்கு நல்ல மவுசு. மூலைகளில் ஊசி குத்தியதுபோல் புள்ளி இருக்கிறதா பாருங்கள். மண்மேல் பலகை வைத்து ஓரம் நறுக்குவார்கள்; பலகை நழுவாமலிருக்க அதில் ஆணிமுனை இருக்கும். அந்தத் தடம்தான் அது. இருந்தால் நல்ல அறிகுறி, ஆனால் அதை மட்டும் வைத்து வயது சொல்லாதீர்கள்.

டெல்ஃப்ட் என்பது எல்லோரும் சொல்வது. டைல் பெருமளவு உருவானது ராட்டர்டாம், ஆம்ஸ்டர்டாம், உங்கள் உத்ரெக்ட், வடக்கே ஹார்லிங்கன், மக்கும் ஊர்களில்.

அடுப்பங்கரை:
1566இல் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் தேவாலயச் சிலைகளை உடைத்த நாட்டில் வேதாகமப் படம் எப்படி என்று எனக்கும் குழப்பம் இருந்தது. கோயிலில்தான் ஆகாது, வீட்டுக் கணப்படுப்பைச் சுற்றிப் பதிக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. அச்சுப் படத்தைப் பார்த்துக் காகிதத்தில் ஊசித்துளை போட்டு, மேலே கரித்தூள் தட்டிக் கோட்டை டைலில் இறக்குவார்கள். அதனால்தான் ஒரே ஆதாம் ஏவாள் பல வீடுகளில்.

மழைக்கோட்டு:
இரண்டு மூலையில் புள்ளி இருக்கிறது! மனைவியிடம் வசனத்தைச் சொன்னேன். "சரி, உங்கள் மேசைக்கு எதிரே மாட்டுங்கள்" என்றாள். டைல் வாளியில் கிடக்கிறது, தண்ணீர் இப்போதே கலங்க ஆரம்பித்துவிட்டது.