கரண்ட் (வாய், கழுத்துப் புற்றுக்குக் கதிர்வீச்சு சிகிச்சை) வைக்கும் ஆறேழு வாரம்: மனசை விட்டுப் போகாத ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லுங்கள்

மாஸ்க் அறை

நாலாவது வாரம், திங்கட்கிழமை. தலை அசையாமல் பிடிக்கும் பிளாஸ்டிக் வலை மாஸ்க்கை மேசையோடு பூட்டிவிட்டுத் தாடைக்கடியில் பார்த்தால் இரண்டு விரல் தாராளமாக உள்ளே போகிறது. நாக்குப் புற்று, 35 நாள், மொத்தம் 70 கிரே (கிரே என்பது கதிர் டோஸின் அளவு). முதல் நாள் மூச்சு முட்டுகிறது என்று கையைத் தூக்கியவர். அன்றைக்கு மாஸ்க்கைக் கழற்றியதும் முகமெல்லாம் மலர்ந்து, "இப்பதான் சார் வசதியா இருக்கு" என்றார். எடை 68 கிலோவிலிருந்து 61-க்கு வந்திருந்தது.

அந்த வசதிதான் ஆபத்து. மாஸ்க் தகட்டைச் சுமார் 70 டிகிரி வெந்நீரில் போட்டு, துணி மாதிரித் துவண்டதும் முகத்தின் மேல் இழுத்துப் படிய வைப்போம். ஆறும்போது அது கொஞ்சம் சுருங்கிக் கவ்வும். அந்தக் கவ்வலை நம்பித்தான் கட்டியைச் சுற்றி 3 முதல் 5 மி.மீ. இடைவெளி விட்டுத் திட்டம் போடுகிறார்கள். கழுத்துச் சதை வற்றினால் உள்ளே தலை திரும்ப இடம் கிடைத்துவிடும். காதடி உமிழ்நீர்ச் சுரப்பி உள்பக்கமாக நகர்ந்து, அதிக டோஸ் விழும் இடத்துக்கு வந்துவிடும். புது மாஸ்க், புது சி.டி. ஸ்கேன், புதுத் திட்டம் என்று சில நாள் வேலை.

அடர்ந்த தாடியோடு மாஸ்க் செய்துகொண்டு பாதியில் மழித்தாலும் இதே தளர்வுதான். கொண்டை போட்டு வந்தால் தலையணையில் தலை உட்காரும் உயரமே மாறும். சி.டி. அன்று எப்படி வந்தார்களோ கடைசி நாள் வரை அப்படியே வரச் சொல்லுங்கள்.

பல் பிரிவு

எடை குறைந்தால் தராசு காட்டிவிடும். பல் பிரச்சினை இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரியும்.

ஒரு அம்மா. கரண்ட் முடிந்து நன்றாக இருந்தார். கீழ்க் கடைவாய்ப் பல் ஆடுகிறது என்று வெளியில் எங்கோ பிடுங்கிக்கொண்டார். கரண்ட் வைத்ததை அவர் சொல்லவில்லை, அங்கே கேட்கவும் இல்லை. நாலு மாதம் கழித்து வாயைத் திறந்தால் ஈறு மூடவே இல்லை, உள்ளே எலும்பு மஞ்சளாகத் தெரிகிறது. "வலிக்கலையே, அதான் வரலை" என்றார். தொட்டால் சொரசொரவென்று இருந்தது. அந்தத் தாடை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

கதிர் பட்ட எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்துவிடும். கீழ்த்தாடையில்தான் தொல்லை அதிகம், 60 கிரேக்கு மேல் வாங்கிய இடத்தில் இன்னும் அதிகம். ஆகவே தேறாத பல்லை முன்னாலேயே எடுத்துவிட வேண்டும். எடுத்த நாளுக்கும் முதல் கரண்டுக்கும் நடுவே குறைந்தது 2 வாரம், முடிந்தால் 3 வாரம். இருக்கும் பல்லுக்குத் தினமும் 5000 பி.பி.எம். ஃபுளோரைடு பேஸ்ட், தேய்த்தபின் நுரையைத் துப்பலாம், உடனே வாய் கொப்பளிக்கக் கூடாது. இது ஆயுள் முழுக்க. பிறகு எந்தப் பல் டாக்டரிடம் போனாலும், எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும், உட்கார்ந்ததும் முதலில் சொல்ல வேண்டியது கரண்ட் வைத்த விஷயத்தைத்தான்.

உணவியல்

மாஸ்க் அறைக்காரரிடம் ஒன்று கேட்கணும். 7 கிலோ ஒரே நாளில் இறங்காது. அதற்கு முந்தைய மூன்று வாரமும் எடையை யார் எழுதினார்கள்? மாஸ்க் தளர்வது கடைசி அறிகுறி. வாரம் 2 கிலோ போனாலே எங்களுக்குத் தெரிய வேண்டும்.

நாளுக்கு ஒரு கிலோ எடைக்கு 30 முதல் 35 கலோரி, 1.2 முதல் 1.5 கிராம் புரதம். 60 கிலோ ஆளுக்கு அது 1800 கலோரிக்கு மேல். வாய் புண்ணாகிவிட்டால் தட்டு நிறைய வைத்து இதைச் சாதிக்க முடியாது. இரண்டு மணிக்கு ஒரு தரம், ஒரு டம்ளர், கெட்டியாக. பாலில் பால்பவுடரைக் கலந்தால் அளவு கூடாமல் புரதம் கூடும்.

டியூப் விஷயத்தில் தயங்குகிறார்கள். சாப்பாடு பாதிக்குக் கீழே போய்ப் பத்து நாள் இழுக்கும் என்று தெரிந்தால் மூக்கு வழி டியூபைப் போட்டுவிடுங்கள். கொடுக்கும் முன்னும் பின்னும் 30 மி.லி. தண்ணீர் விட்டுக் கழுவணும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். கொடுத்தபின் அரை மணி முதல் ஒரு மணி வரை தலைப்பக்கம் உயர்ந்தே இருக்கணும். மெதுவாகக் கரையும் மார்ஃபின் மாத்திரையைப் பொடித்து டியூபில் விடவே கூடாது. பன்னிரண்டு மணி நேர மருந்து மொத்தமும் ஒரே மூச்சில் உள்ளே போய்விடும்.

விழுங்கு பயிற்சி

டியூப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் டியூப் போட்ட அன்றே வாய்க்கு விடுமுறை விடுகிறார்களே, அதுதான் என் சண்டை.

ஒரு பெரியவர். கட்டி முழுக்கக் கரைந்துவிட்டது, ஸ்கேன் சுத்தம். மூன்று மாதம் டியூபிலேயே இருந்துவிட்டார், ஒரு சொட்டு வாயில் படவில்லை. ஒரு டீஸ்பூன், 5 மி.லி. தண்ணீர் கொடுத்தேன். வாயிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். எப்படி விழுங்குவது என்று தொண்டைக்கு மறந்துவிட்டது.

ஆகவே டியூப் இருந்தாலும் பாதுகாப்பாக விழுங்க முடிகிற ஏதோ ஒன்று, நாலு வாய் தண்ணீராவது, தினமும் போகட்டும். பயிற்சியை முதல் கரண்டுக்கு முன்பே கற்றுக்கொள்ளணும்; புண் வந்தபின் கற்க முடியாது. நாக்கு நுனியைப் பல்லுக்கு நடுவே மெல்லப் பிடித்தபடி எச்சில் விழுங்குவது (சாப்பாட்டோடு இதைச் செய்யக் கூடாது). விழுங்கும்போது குரல்வளை மேலே ஏறியதும் இரண்டு விநாடி அங்கேயே நிறுத்துவது. வாய் திறப்பையும் அளந்து எழுதுங்கள்: மேல் கீழ் முன்பல்லுக்கு நடுவே 35 மி.மீ.க்குக் கீழே போனால் தாடை இறுகுகிறது என்று அர்த்தம். நீட்டும் பயிற்சி ஒரு தடவைக்கு 7 முறை, ஒவ்வொன்றும் 7 விநாடி, நாளுக்கு 7 தடவை.

வார்டு நர்ஸ்

என் ஆள் கதை சின்னது. வாசனை மவுத்வாஷால் நாளுக்கு ஆறு தரம் கொப்பளித்தார், கண்ணில் தண்ணீர் வர. "எரிஞ்சாத்தானே சிஸ்டர் வேலை செய்யுதுன்னு அர்த்தம்?" என்றார். அதில் ஆல்கஹால். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக உரிந்து தொங்கியது.

எரியக் கூடாது. 1 லிட்டர் ஆறவைத்த தண்ணீர், 1 டீஸ்பூன் உப்பு, 1 டீஸ்பூன் சமையல் சோடா. தினமும் புதிதாகக் கலக்கணும். விழித்திருக்கும் நேரம் இரண்டு மணிக்கு ஒரு தரம், சாப்பிட்டதும் ஒரு தரம். புண் இரண்டாவது மூன்றாவது வாரம் தொடங்கும். கரண்ட் முடிந்து ஒன்றிரண்டு வாரம் இன்னும் மோசமாகும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முடிந்த அன்று சரியாகிவிடும் என்று எதிர்பார்த்து உடைந்துபோகிறார்கள்.

மரத்துப்போகும் லிக்னோகெயின் கரைசலைச் சாப்பாட்டுக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் கொப்பளித்துத் துப்பணும். மரத்த வாயில் சூடு தெரியாது, புரையேறுவதும் தெரியாது. ஆறியதைச் சின்னச் சின்ன வாயாக. திடீரென்று வலி கூடி, துடைத்தால் வருகிற வெள்ளைப் படலம் இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம்; அன்றைக்கே காட்டணும். மார்ஃபின் ஆரம்பித்தால் அதே நாளில் மலமிளக்கியும் ஆரம்பிக்கணும். கெட்டிக் கோழைக்கு உப்புநீர் நெபுலைசர். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் ஓடுகிறவர் தண்ணீர் குடிக்காமல் இருந்து, சிறுநீர் குறைந்து கறுத்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள், அது சிறுநீரகம். கழுத்துத் தோலுக்கு வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப், ஒற்றித் துடைப்பது, கரண்டுக்கு முன்னால் கிரீமே கூடாது.

கதிர்வீச்சு சிகிச்சை மருத்துவர்

நர்ஸ் சொன்ன கடைசி வரி பழைய பாடம். அப்பியது போலத் தடிமனாக இருந்தால்தான் தோலில் டோஸ் கூடும். மெல்லிய பூச்சால் பெரிய வித்தியாசமில்லை. கூடாது என்று பயமுறுத்தினால் நாள் முழுக்கவே தடவாமல் விட்டுவிடுகிறார்கள்.

என்னை உறுத்துவது வேறு. ஐந்தாம் வாரம் ஒருவர் வாயை ஆறவிடலாம் என்று தானாகவே எட்டு நாள் லீவு எடுத்துக்கொண்டார். "புண்ணு நல்லா ஆறிடுச்சு டாக்டர்" என்று சந்தோஷமாக வந்து நின்றார். புண் ஆறும் வேகத்தில் கட்டியும் வளரும் என்பதை முதல் நாளே அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். மொத்த நாள் ஒன்று நீண்டால் கட்டி அடங்கும் வாய்ப்பு 1 முதல் 1.4 சதவீதம் குறைவதாகக் கணக்கு. விட்டுப்போனதைச் சனிக்கிழமையோ, ஒரே நாளில் 6 மணி நேர இடைவெளியில் இரண்டு தரமோ கொடுத்து ஈடுகட்டலாம். எட்டு நாளை முழுக்க ஈடுகட்ட முடியவில்லை.

காதடிச் சுரப்பி பற்றி மாஸ்க் அறை சொன்னது மிகச் சரி. சராசரி டோஸை 26 கிரேக்குக் கீழே வைக்கத்தான் இத்தனை பாடு. 2011-இல் வெளியான பார்ஸ்போர்ட் ஆய்வில் ஒரு வருஷம் கழித்துக் மிதமான அல்லது அதற்கு மேற்பட்ட வாய் வறட்சி பழைய முறையில் 74 சதவீதம், சுரப்பியைத் தவிர்த்துக் கதிரை வடிவமைத்துக் கொடுக்கும் ஐ.எம்.ஆர்.டி. முறையில் 38 சதவீதம். மாஸ்க் தளர்ந்தால் அந்த லாபம் போய்விடும்.

மாஸ்க் அறை

உணவியலுக்கு: எடை எழுதியிருந்தார்கள். ஒரு வாரம் செருப்போடும் சட்டைப்பையில் போனோடும், அடுத்த வாரம் வேறு தராசில். அதனால் இறக்கம் தெரியவில்லை. ஒரே தராசு, ஒரே மாதிரி உடை, கரண்டுக்கு முன்னால்.

தராசு இல்லாத நாளிலும் பார்க்க ஒரு வழி உண்டு. மாஸ்க்கைக் கழற்றியதும் நெற்றியிலும் தாடையிலும் வலைக்கண் அச்சு பதிந்திருக்கும். நெற்றியில் தெளிவாக இருந்து தாடையில் மட்டும் மங்கினால், ஆள் இறங்கி உடை மாற்றும் முன்பே உணவியலுக்குப் போன் போடுங்கள்.