கடலில் சூரியன் மறைந்த நாவல்

குழு: நாவலடி வளவுக் குடும்பம்
சனிக்கிழமை

நான் (காலை 7:12): தம்பி வாங்கித் தந்த சுனாமி நாவலை நேற்றிரவு முடித்துவிட்டேன். பெரியம்மா, நீங்கள் எனக்கு முன்பே படித்துவிட்டீர்கள். ஒன்றும் சொல்லவில்லையே?

வந்தாறுமூலைத் தம்பி (7:15): எனக்கு முதல் பாதிக்காகவே கொடுத்த காசு தகும். அலை வந்ததை அவர் எழுதவே இல்லை, கவனித்தீர்களா? கதாநாயகி வாளியில் தண்ணீர் பிடிக்கும்போது குழாயை நூல் போலத் திறக்கிறாள். ஏன் என்று சொல்வதில்லை. எழுபதாம் பக்கத்தில் யாரோ குழாயை முழுவதாகத் திறக்க, அந்தச் சத்தத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடுகிறாளே, அப்போதுதான் விளங்குகிறது.

நான் (7:18): போயா என்கிற பௌர்ணமி விடுமுறை வந்தால் அவளுக்குத் தலைவலி வருவதும் அப்படித்தான். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். பிள்ளைகள் எல்லோரும் வீட்டில் இருந்த நாள். அதைக் கதையில் ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை. கலியாண வீட்டில் பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த வரியில் 2004 வந்துவிடுகிறது. முதலில் அச்சுப் பிழை என்று நினைத்தேன்.

கல்முனை மச்சாள் (7:21): மீன் வெட்டுகிற இடம்! வெட்டுகிறாள், கழுவுகிறாள், கறி வைக்கிறாள். உப்புப் பார்க்க மட்டும் மகளைக் கூப்பிடுகிறாள். எங்கள் வீட்டில் எத்தனை மாதம் மீன் வாங்கவில்லை என்று அப்பாவைக் கேளுங்கள்.

கல்முனை மாமா (7:22): தை, மாசி, பங்குனி. சித்திரை பிறந்த பிறகுதான் நெத்தலி வந்தது. அதையும் பூனைதான் தின்றது.

நாவலடிப் பெரியம்மா (7:40): இப்போதுதான் புட்டு இறக்கினேன். சொல்லவில்லை என்றால் சொல்ல ஒன்றும் இல்லை என்று அர்த்தமா? 88ஆம் பக்கத்தைத் திறந்து பாருங்கள். சூரியன் கடலில் மறைகிறதாம்.

தம்பி (7:41): அது சின்னத் தவறு, பெரியம்மா.

பெரியம்மா (7:46): சின்னதா? நம் மட்டக்களப்பு நாவலடியில் சூரியன் கடலில் எழும்பும், வாவிப் பக்கம் விழும். கொழும்புக் காலிமுகத்திடலில் இருந்துகொண்டு எழுதினால் இப்படித்தான். பிழை சூரியனோடு நிற்கவில்லை மகன். கதையில் வாவியே இல்லை. முன்னால் கடல், பின்னால் வாவி, நடுவில் ஒரு துண்டு மணல். அதனால்தானே ஓட இடமில்லாமல் போனது? இவள் தெருவால் ஓடித் தப்பினாள் என்று எழுதியிருக்கிறார். எந்தத் தெரு? நான் இன்றைக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பின்கதவு எங்கே திறக்கிறது என்று பார்ப்பேன். அது அவளிடம் இல்லை.

நான் (7:48): குழாயைக் கண்டுபிடித்த மனிதர் பின்கதவைத் தவறவிட்டுவிட்டார்.

மச்சாள் (7:55): எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. கணவன் செத்த மூன்றாம் மாதம் மாமியார் வந்து, என் மகன் வீட்டை விட்டு வெளியே போ என்கிறாள். நம் பக்கத்தில் எந்த மாமியார் அப்படிச் சொல்ல முடியும்? வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வருவார்.

மாமா (7:56): நானும் பெட்டியோடுதான் கல்முனைக்கு வந்தேன். பூட்டு இல்லாத பெட்டி.

நான் (8:04): நடந்த கதை அதைவிடப் பெரியது. கிழக்கில் முதலில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள். பாட்டி, அம்மா, மகள் என்று பெண்வழி வந்த வீட்டு வளவுகள் பல அதற்குள் அகப்பட்டன. பதிலுக்குக் கிடைத்த வீடுகளில் எத்தனையோ வீட்டுக்குக் குடும்பத் தலைவர் என்று ஆண் பெயரில் எழுத்து. கடலிடம் பிள்ளையை இழந்தவள் காகிதத்தில் வளவையும் இழந்தாள். இது ஒரு வரிகூட நாவலில் இல்லை. அவளுடைய துயரம் முழுவதும் தலைக்குள்ளேயே நடக்கிறது, கனவிலும் கண்ணீரிலும்.

பெரியம்மா (8:06): பதிலுக்குக் கிடைத்த திராய்மடு வீட்டுக்கு நான் கையெழுத்து வைக்கவில்லை, உங்கள் பெரியப்பா வைத்தார். அந்தக் காகிதம் அலுமாரியில் கிடக்கிறது. வேறு பேசுங்கள்.

மச்சாள் (8:07): இங்கே மின்சாரம் போய்விட்டது. யாராவது முடிவைப் பற்றிச் சொல்லுங்கள், போன் அணைவதற்குள்.

தம்பி (8:10): முடிவுதான் படுமோசம். கொழும்பிலிருந்து உளவளத்துணையாளர் வருகிறார், நான்கு தடவை பேசுகிறார், அவள் போய்க் கடலில் கால் நனைக்கிறாள். காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்தது போல.

மச்சாள் (8:12): நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரவு ஒரு மணிக்குத் தனியாக இருந்து படித்தேன். அவள் கால் நனைக்காமல் இருந்திருந்தால் எனக்கு நித்திரை வந்திராது.

நான் (8:14): நனைக்கட்டும், மச்சாள். ஆனால் அடுத்த நாள் காலையில் குழாயை எப்படித் திறந்தாள் என்று ஒரு வரி வேண்டாமா?

மச்சாள் (8:15): அது சரிதான்.

மாமா (8:21): ஏன் இதையெல்லாம் கிளறுகிறீர்கள்? அதுவும் அக்கா படிக்கும் புத்தகமா இது?

பெரியம்மா (8:33): நான் படிக்கக்கூடாது என்றால் வேறு யார் படிப்பது, தம்பி? எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. 214 பக்கங்களிலும் அவள் ஒரு தடவை சிரிக்கவில்லை. ஒரு சண்டை பிடிக்கவில்லை. முகாமில் எல்லோருக்கும் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். இழவு விழுந்தால் ஆளுக்குக் குணம் கூடிவிடுமா? நான் மழைக்கு மேலே கட்டும் ஒரு தறப்பாளுக்காக ஒருத்தியின் கொண்டையைப் பிடித்து இழுத்தேன். அன்றிரவு அவள்தான் எனக்குச் சீனியில்லாத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தாள். இரண்டு பேரும் பிள்ளைகளைப் பற்றிப் பேசவில்லை. தறப்பாளில் எத்தனை ஓட்டை என்று எண்ணினோம்.

தம்பி (8:35): முகாமில் சிரித்தும் இருக்கிறீர்களா, பெரியம்மா?

பெரியம்மா (8:38): வெளிநாட்டு உடுப்பு மூட்டையை அவிழ்த்த அன்று முகாமாக இருந்த அந்தப் பாடசாலையே சிரித்தது. பனி ஊரில் போடுகிற கம்பளிக் கோட்டு, கழுத்தில் பூனை போல மயிர். உன் மாமா என்னைத் தேடிக் கல்முனையிலிருந்து ஒரு சாரத்தோடு மட்டும் வந்து சேர்ந்திருந்தார். மேலுக்கு ஒன்றும் இல்லை. சோற்று வரிசை வேறு தொடங்கிவிட்டது.

மாமா (8:39): அக்கா, அந்தக் கோட்டுக் கதை வேண்டாம்.

மச்சாள் (8:39): என்ன கோட்டு? அப்பா?

மாமா (8:40): இந்தச் செய்தி அழிக்கப்பட்டது.

தம்பி (8:40): படம் இருக்கிறதா?

பெரியம்மா (8:41): தட்டித் தட்டி விரல் நோகிறது. பொறுங்கள், பேசியே அனுப்புகிறேன்.

பெரியம்மா (8:47): குரல் பதிவு, 4 நிமிடம் 10 விநாடி