வீல்சேர் தள்ளும் பயிற்சி: பத்தே நிமிடத்தில் தோள் வலி, என்ன செய்யலாம்?

கேள்வி
தம்பிக்கு 28 வயது. முதுகுத்தண்டில் டி-10 (மார்புப் பகுதி முள்ளெலும்புகளில் பத்தாவது) மட்டத்தில் காயம், கைகளுக்குப் பாதிப்பில்லை. மடக்கு வீல்சேர். தினமும் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தள்ளச் சொல்கிறோம். பத்து நிமிடத்தில் தோள் வலிக்குது என்று நிறுத்திவிடுகிறான், மறுநாள் கூப்பிட்டால் வருவதில்லை. எவ்வளவு நேரம் தள்ளினால் போதும்?

பதில் 1
முதல்ல வண்டியைப் பாருங்க. டயரைக் கட்டைவிரலால் அழுத்துங்க. அமுங்கினால் காற்று போதாது. வேண்டிய அளவு டயரின் பக்கவாட்டிலேயே போட்டிருக்கும். முன்சக்கர அச்சில் தலைமுடியும் நூலும் சுற்றி இறுகியிருக்கும், கத்தரியால் வெட்டி எடுங்க. பாதி வீடுகளில் கோளாறே இதுதான்.

அடுத்து, ரிம்மின் (சக்கரத்தை ஒட்டிக் கையால் பிடித்துத் தள்ளும் வளையம்) உச்சியில் கை இருக்கும்போது முழங்கை 100 முதல் 120 டிகிரிக்குள் இருக்கணும். கை விறைத்து நீண்டால் இருக்கை உயரம் அதிகம். அதுக்காகக் குஷனை எடுத்துடாதீங்க, உட்காரும் இடத்தில் அழுத்தப் புண் வந்துடும். பின்சக்கரத்தைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினால் தள்ள லேசாகும். ஆனால் வண்டி பின்பக்கம் கவிழப் பார்க்கும், கவிழாமல் தாங்கும் குட்டிச் சக்கரம் மாட்டிட்டுத்தான் நகர்த்தணும். ஆஸ்பத்திரி மாடலில் அந்த அச்சு பெரும்பாலும் நகராது.

பதில் 2
பிசியோவாகச் சொல்கிறேன்: தினமும் வேண்டாம். படுக்கைக்கு, கழிப்பறைக்கு மாறுவதும் அதே தோள்தான். உடல் திறனுக்கு வாரம் 2 நாள், 20 நிமிடம் போதும். இதயத்துக்கும் சேர்த்து என்றால் 30 நிமிடம், 3 நாள். தொடக்கத்தில் 3 நிமிடம் தள்ளல், 2 நிமிடம் ஓய்வு. பேச முடியணும், பாட முடியக்கூடாது. அந்த வேகம் சரி.

டக் டக்கென்று குட்டித் தள்ளல்தான் தோளைக் கெடுக்கிறது. நீளமாகத் தள்ளி, கையை ரிம்முக்குக் கீழே தொங்கவிட்டுப் பின்னால் கொண்டுவரணும். தள்ளுவதில் முன்பக்கத் தசைதான் வளரும். ஈடுகட்ட, பிரேக் போட்டுவிட்டு ரப்பர் பட்டையைத் தன் பக்கம் இழுக்கணும்: 10 தடவை, 3 சுற்று, வாரம் 2 நாள். தள்ளாதபோதும் வலி இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டுத் தோளைக் காட்டுங்கள்.

கேட்டவர்
பட்டைக்குப் பதில் சைக்கிள் ட்யூப்?

பதில் 3
தாராளமா. வால்வுப் பகுதியை வெட்டி எறியுங்க. இறுக்கமா இருந்தா நீளவாக்கில் ரெண்டாக் கிழிங்க. ஜன்னல் கம்பியில் நெஞ்சுயரத்துக்குக் கட்டுங்க. விரிசல் விட்ட ட்யூப் வேண்டாம், அறுந்தால் முகத்தில் அடிக்கும்.

கூப்பிட்டா வராததுக்கு ஒண்ணு: பார்க்கிங்கில் சுத்த யாருக்குத்தான் பிடிக்கும்? கடை, நண்பர் வீடுன்னு போற இடம் இருக்கட்டும், ஏழு மணி வெயிலுக்கு முன்னாடி. கிளம்பும் முன் சிறுநீர் போகணும், வந்ததும் பிட்டத்தில் சிவப்பு இருக்கான்னு கண்ணாடி வச்சுப் பார்க்கணும்.

டி-6, அதுக்கு மேல காயமுள்ளவங்க இதைப் படிச்சா: உங்களுக்கு நாடித்துடிப்பு போதிய அளவு ஏறாமப் போகலாம், அதை வச்சு வேகத்தைக் கணிக்காதீங்க. வியர்வையும் சரியா வராமப் போகலாம், ஈரத்துணி கையிலிருக்கட்டும். திடீர்னு மண்டையிடி வந்தா படுக்க வைக்காம நிமிர்ந்து உட்கார வச்சு, பெல்ட்டைத் தளர்த்தி, யூரின் ட்யூப் மடங்கியிருக்கான்னு பார்க்கணும். அடங்கலைன்னா உடனே ஆஸ்பத்திரி.