ஜி.டபிள்யூ. லிப்ரே: 19 நிமிட அலை எங்கிருந்து வருகிறது?

துலாம் பகுதியில் இருக்கும் இந்த இரட்டை விண்மீனின் தரவை வைத்துக்கொண்டு முழி பிதுங்குகிறது. துணை விண்மீனிடமிருந்து வாயுவை இழுத்துக்கொண்டே துடிக்கும் வெண் குறுமீன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீன் கரு) என்று 1998இல் முதன்முதலில் தெரியவந்தது இதுதான், சுற்றுக்காலம் சுமார் 77 நிமிடம். 2007 வெடிப்புக்கு முன் 236, 377, 646 விநாடிகளையொட்டித் துடிப்புகள் இருந்தன. எனக்கு அந்த இடங்களில் ஒன்றுமே இல்லை, வெறும் இரைச்சல். பதிலாக ஒளி மாற்றத்தின் அதிர்வெண் வரைபடத்தில் 19 நிமிடத்தை ஒட்டி ஒரு அகலமான மேடு, அதுவும் ஒருநாள் இருக்கிறது, மறுநாள் காணோம்.

ஆஸ்திரேலியாவின் கூனபாராபிரான் பக்கம் வாடகைக்கு எடுத்த அரை மீட்டர் தொலைநோக்கி, மே மாத இரவுகள், ஃபில்டர் இல்லை, 60 விநாடி எக்ஸ்போஷர். விண்மீன் ஏறக்குறைய 17ஆம் ஒளியளவு, அதாவது மிக மங்கல், அதனால் எக்ஸ்போஷரை இதற்குமேல் குறைக்க மனசு வரவில்லை.

ஒப்பீட்டு விண்மீன்களை மாற்றிப் பார்த்தேன், ஒளியை அளக்கும் வட்டத்தை (அப்பர்ச்சர்) சுருக்கினேன், விண்மீன் ஏறி இறங்கும்போது குறுக்கிடும் காற்றின் அளவு மாறுவதால் வரும் சரிவை நீக்கினேன், நேரத்தைச் சூரியக் குடும்ப மையத்துக்குத் திருத்தினேன். அதே ஒளியளவுள்ள சோதனை விண்மீனில் அந்த மேடு இல்லை, ஆகவே கருவியின் சேட்டை என்று தோன்றவில்லை. 2008இலேயே இப்படி ஒரு அலையைப் பார்த்திருக்கிறார்கள், ஆனால் அது வெண் குறுமீனுடையதா, இழுக்கப்பட்ட வாயு அதைச் சுற்றி உருவாக்கும் வட்டுடையதா என்பதில்தான் இழுபறி. இரண்டுமே நீல நிறத்தில் தூக்கலாகத் தெரியும் என்பதுதான் எனக்குச் சிக்கல்.

இந்தத் தொலைநோக்கியை வைத்தே, வட்டின் மினுமினுப்பையும் வெண் குறுமீனின் துடிப்பையும் பிரித்துக் காட்ட எந்தச் சோதனையைச் செய்யலாம்?