வெள்ளவத்தை வீட்டுக் குழு: லைபிரரியன் வேலை விளம்பரம்

தர்ஷி: ரெண்டு இன்டர்நேஷனல் ஸ்கூல் விளம்பரம் பார்த்தனான். ஒண்டு ஃபுல் டைம், காலை 7.30 தொடக்கம் 3.30, சம்பளம் 80,000. மற்றது பார்ட் டைம், 7.30 தொடக்கம் 12.30, கிழமைக்கு 5 நாள், 45,000. அரைநாள் வேலைக்கு 45,000 நல்லதுதானே மாமி?

மாமி: அரைநாள் இல்லை பிள்ளை. கூட்டிப் பார். ஃபுல் டைம் கிழமைக்கு 40 மணித்தியாலம், இது 25. 80,000ஐ அந்தக் கணக்கில பிரிச்சா 50,000 வரவேணும். 10 வீதம் குறைச்சுத்தான் போட்டிருக்கினம்.

பெரியண்ணா: எத்தனை மாதத்துக்குச் சம்பளம் எண்டும் கேள். பார்ட் டைம் ஆக்களுக்கு ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் லீவில காசு வெட்டுற இடங்கள் இருக்கு. 10 மாதம்தான் எண்டா வருஷத்துக்கு 450,000. 12 ஆல பிரிச்சா மாதம் 37,500.

தர்ஷி: பார்ட் டைமுக்கு இபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) இல்லையாமே?

பெரியண்ணா: பிழை. பார்ட் டைம், தற்காலிகம், புரொபேஷன் எல்லாத்துக்கும் இருக்கு. உன்ர பங்கு 8%, ஸ்கூலின்ர 12%. இடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3% முழுக்க அவைதான் கட்டவேணும். 45,000க்கு உனக்கு 3,600 வெட்டுப்படும், அவை 5,400உம் 1,350உம் போடவேணும். நியமனக் கடிதம் தராம மாதாமாதம் இன்வொய்ஸ் தரச் சொன்னா கையெழுத்து வைக்காதே. இபிஎஃபைத் தட்டிக்கழிக்க அப்பிடித்தான் செய்யிறவை.

சித்தி: வேலையை விட்டுப் போகேக்க தாற கிராட்டுவிட்டி?

பெரியண்ணா: 15 பேர் அல்லது அதுக்கு மேல வேலை செய்யிற இடத்தில 5 வருஷம் முடிச்சா, வருஷத்துக்கு அரை மாதச் சம்பளம். வருஷா வருஷம் புதுக் கான்ட்ராக்ட் போடுற இடமெண்டா, சேவை இடைவெளியில்லாமத் தொடருது எண்டு கடிதத்தில எழுதுவிக்கவேணும்.

மாமி: தர்ஷி, அந்தப் பார்ட் டைம் விளம்பரத்தில வேலை விபரம் என்ன?

தர்ஷி: லைபிரரி பீரியட், கேட்டலாக், புது நூல் பதிவு, "பாடசாலை வழங்கும் ஏனைய கடமைகள்". 24 வகுப்பாம்.

மாமி: வகுப்புக்குக் கிழமையில ஒரு 40 நிமிஷ பீரியட் எண்டாலே 16 மணித்தியாலம் போயிடும். மிச்சம் 9. ஒரு புது நூலைப் பதிவேட்டில ஏத்தி, எந்தப் பாடத்து நூல் எண்டு காட்டுற டூயி இலக்கம் போட்டு, பார்கோடும் முதுகு லேபலும் ஒட்டி, கவர் போட 20 நிமிஷமாவது வேணும். வேற ஒண்டும் செய்யாட்டிலும் கிழமைக்கு 27 நூல்தான். இதுக்குள்ள வராத டீச்சரின்ர வகுப்பையும் தந்தா கேட்டலாக் அப்பிடியே தேங்கிக் கிடக்கும். "ஏனைய கடமைகள்" எண்டதில ரிலீஃப் வகுப்பு எத்தனை எண்டு முதலே கேள். டிசம்பரில நூலெல்லாம் எண்ணிச் சரிபார்க்கிற ஸ்டொக் டேக்கிங் முழுநாள் வேலை, அதுக்குக் கூடுதல் காசு இருக்கா எண்டும் கேட்கவேணும்.

சித்தி: அரசாங்கப் பாடசாலைக்கும் போடலாமே?

மாமி: போடலாம். வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பாருங்கோ. முடிவுத் திகதிக்கு முதல் டிப்ளோமா கையில இருக்கவேணும், ரிசல்ட்ஸ் பிறகு வரும் எண்டு சொல்லிப் பயனில்லை. பதிவுத் தபாலில அனுப்பி, கவரின்ர இடப்பக்க மேல் மூலையில பதவியின்ர பெயரை எழுதுங்கோ.

தர்ஷி: இன்டர்வியூவில வேற என்ன கேட்கிறது?

மாமி: 12.30க்குப் பிறகு லைபிரரித் திறப்பு ஆரிட்டை, நூல் இரவல் ஆர் பதியிறது எண்டு கேள். பின்னேரம் பதியாம நூல் வெளியில போனா, காணாமப் போனதுக்கு உன்னட்டைத்தான் வருவினம். "நூல் இழப்புக்கு லைபிரரியன் பொறுப்பு" எண்டு கடிதத்தில இருந்தா, உன்ர நேரத்துக்குள்ள போனதுக்கு மட்டும் எண்டு மாத்தச் சொல்லு.