காதில் டப் டப் சத்தம், கழுத்தில் நெறி: யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா?

வணக்கம், பாம்பன் சின்னப்பாலத்தில் இருந்து எழுதுகிறேன். அம்மா கடலில் முங்கிப் பாசி எடுக்கப் போகிறவர். போன மாதம் சளி பிடித்திருந்தபோதும் சொன்னால் கேட்காமல் இறங்கினார், அதிலிருந்து எச்சில் விழுங்கும்போதெல்லாம் வலது காதில் டப் என்று சத்தம், அடைத்த மாதிரியும் இருக்கிறதாம், தாடைக்குக் கீழே நெறி கட்டி இப்போது 4 வாரம் ஆகிறது.

மருந்துக் கடையில் வாங்கிய ஆன்டிபயாட்டிக்கில் மாற்றமில்லை. பக்கத்து வீட்டு அத்தை எண்ணெய் காய்ச்சி விடச் சொன்னார். நான் விடவில்லை, செவிப்பறையில் ஓட்டை இருந்தால் வம்பு.

டாக்டர் சொன்னது: மூக்குக்குப் பின்னாலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய் சளியால் வீங்கி அடைத்திருக்கலாம், நெறியும் அதே தொற்றால் கட்டியிருக்கலாம், ஆனால் 3 வாரம் தாண்டியும் வடியாததால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி மூக்கின் பின்பக்கத்தை டியூப் விட்டுப் பார்த்துவிட வேண்டும்.

அந்தப் பரிசோதனையை ராமநாதபுரத்திலேயே செய்துகொண்டவர்கள் இருக்கிறீர்களா, இல்லை மதுரைக்குத்தான் போகணுமா? அப்புறம், காது சரியாகி எத்தனை நாள் கழித்து மறுபடி முங்கினீர்கள்? அம்மா தினமும் இதைத்தான் கேட்கிறார்.