புதுச் சபையில் யாருமே பேசவில்லை

நெல்லைக்காரன்: தண்டையார்பேட்டைக்குக் குடிவந்து மூன்று ஞாயிறாகப் பக்கத்துக் கிறிஸ்தவ சபைக்குப் போகிறேன். முதல் வாரமே ஒரு அம்மா, "தம்பி, இது எங்க பெஞ்சு" என்று நடுவில் பையை வைத்துவிட்டார். ஆராதனை முடிந்ததும் எல்லாரும் கூடிக் கூடிப் பேசுகிறார்கள், நான் மட்டும் செருப்பைத் தேடுகிற மாதிரி நிற்கிறேன். வேறு இடம் பார்க்கவா?

ராயபுரம் அக்கா: அவசரப்படாதீங்க தம்பி. ஊர்ச் சபை ஆயரிடம் (போதகரிடம்) உறுப்பினர் என்று கடிதம் வாங்கி இங்கே கொடுத்து, சந்தா கட்டும் உறுப்பினர் பட்டியலில் பெயர் சேருங்க, சபைக்காரங்க வீடு தேடி வருவாங்க. பாட வருமா? பாடகர் குழுவில் எப்பவும் ஆண்குரல் குறைவு.

காசிமேட்டான்: கடிதம் பார்த்துத்தான் வரவேற்பா அக்கா? எங்கள் சபை வாசலில் ஒரு பெரியவர் நிற்பார், புது முகம் என்றால் கையைப் பிடித்து "சாப்ட்டியாப்பா" என்பார், அவ்வளவுதான். பெரம்பூர் லூர்து மாதா கோயிலில் பிப்ரவரி 11 திருவிழாவுக்கு இந்துக்களும்தான் வருகிறார்கள், யார் கடிதம் கேட்கிறார்கள்?

நெல்லைக்காரன்: சரி, சுமாராகப் பாடுவேன். இந்த ஞாயிறு போய் நிற்கிறேன்.